ஜி. என். இராமச்சந்திரன்

ஜி. என். இராமச்சந்திரன் எனப் பரவலாக அறியப்படும் கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் இராமச்சந்திரன் (அக்டோபர் 8, 1922 – ஏப்ரல் 7, 2001) இந்தியாவைச் சேர்ந்த இயற்பியலாளரும் உயிர் இயற்பியலாளரும் ஆவார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம், மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிய சுருள் வடிவம் கொண்டது என்பதைச் சென்னையில் ஆய்ந்து 1954, 1955 ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். புரத இழை எவ்வெவ்வாறு மடங்கக்கூடும், எவ்வெவ்வாறு மடங்க இயலாது என்பதைக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் 1963 ஆம் ஆண்டு இவரது குழுவினரால் உருவாக்கப்பட்டது. உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இவ்வரைபடம் இடம்பெறுகிறது.

மரபுவழியில் டி.என்.ஏ. பெறும் இடம் பலரும் அறிந்தது. ஆனால், டி.என்.ஏ.வில் உள்ள செய்தி புரதமாகி, அப்புரதம் உரிய வடிவத்தை அடைந்த பின்னரே பெரும்பாலான மரபுப் பண்புகள் உடலில் வெளிப்படுகின்றன. செய்தியிலிருந்து வடிவத்துக்குச் செல்லும் இவ்வழியைப் புரிந்துகொள்ள அடிப்படை அமைத்தவர்களுள் இராமச்சந்திரனும் ஒருவர். அவர் ஆராய்ந்த கொலாஜனே வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை வட்டாரத் தோல் பதனிடும் தொழிலின் அடிப்படைப் பொருளும் ஆகும்.

பிறப்பும் கல்வியும்

இராமச்சந்திரன் அன்றைய கொச்சி அரசின் எர்ணாகுளத்தில் 1922 ஆம் ஆண்டு அக்டோபர் 8 அன்று பிறந்தார். தந்தை ஜி. ஆர். நாராயண ஐயர், தாய் இலட்சுமி அம்மாள். தந்தை எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கணித ஆர்வம் இராமச்சந்திரனுக்கு வீட்டிலேயே வாய்த்தது. பிற்காலத்தில் இயற்பியல், வேதியியல், மருத்துவப் படிமவியல் எனப் பல துறைகளில் அவர் ஈடுபட்டபோதும், சிக்கலைக் கணித வடிவில் எழுதித் தீர்க்கும் முறையை அவர் கைவிடவில்லை.

பள்ளிக் கல்வியையும் இடைநிலைக் கல்வியையும் எர்ணாகுளத்தில் முடித்த பின், திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்ட வகுப்பில் 1939 ஆம் ஆண்டு சேர்ந்தார். 1942 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றுத் தேர்ச்சி அடைந்தார்.

பெங்களூரும் கேம்பிரிட்சும்

1942 ஆம் ஆண்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் துறை மாணவராக இராமச்சந்திரன் சேர்ந்தார். அப்போது அக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமை வகித்தவர் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன். இராமச்சந்திரனின் திறனைக் கண்ட இராமன், அவரை மின்பொறியியலிலிருந்து இயற்பியலுக்கு மாற்றிக்கொண்டார். இராமனின் வழிகாட்டுதலில் ஒளியியல், படிக இயற்பியல் ஆகியவற்றில் இராமச்சந்திரன் ஆய்வு செய்தார். வைரப் படிகங்களை எக்ஸ்-கதிர் கொண்டு ஆராய்ந்தது அக்காலப் பணிகளுள் ஒன்று. 1947 ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் இவருக்கு அறிவியல் முதுமுனைவர் பட்டம் வழங்கியது.

அதே ஆண்டு இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் காவெண்டிசு ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு டபிள்யூ. ஏ. வுஸ்டர் என்பவரின் வழிகாட்டுதலில், படிகங்களிலிருந்து சிதறும் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு அவற்றின் மீள்தன்மை மாறிலிகளை அளவிடும் முறையை ஆராய்ந்து 1949 ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். அக்காலத்தில் வேதியியலாளர் லைனஸ் பாலிங் கேம்பிரிட்சில் ஆற்றிய உரைகளைக் கேட்கும் வாய்ப்பும் இவருக்குக் கிடைத்தது. உயிர் மூலக்கூறுகளின் வடிவத்தை வேதிப் பிணைப்புகளின் நீளம், கோணம் ஆகிய அளவுகளிலிருந்தே கட்டமைக்கலாம் என்பது பாலிங்கின் அணுகுமுறை. இராமச்சந்திரனின் பிற்காலப் பணிகளில் இதன் தாக்கம் தெளிவாகத் தெரிகிறது.

1949 ஆம் ஆண்டு தாயகம் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் உதவிப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

சென்னைப் பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையை உருவாக்க விரும்பிய துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், முதலில் சி. வி. இராமனை அணுகினார். இராமன் தமக்கு மாற்றாக இராமச்சந்திரனின் பெயரைப் பரிந்துரைத்தார். அதன்படி 1952 ஆம் ஆண்டு, ஏறத்தாழ முப்பது வயதில், இராமச்சந்திரன் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் சென்னைக்கு வந்தார். எக்ஸ்-கதிர் படிகவியல் ஆய்வகம் ஒன்றை அமைத்து இளம் ஆய்வாளர்களைச் சேர்த்தார்.

அக்காலத்தில் சென்னைக்கு வந்த பிரித்தானியப் படிகவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் தீர்க்கப்படாத சிக்கலாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். பாலிங்கும் ராபர்ட் கோரியும் 1951 ஆம் ஆண்டு கொலாஜனுக்கென ஓர் அமைப்பை முன்மொழிந்திருந்தனர். அது எக்ஸ்-கதிர் தரவுகளுடன் பொருந்தவில்லை. இராமச்சந்திரன் இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். முதுமுனைவர் ஆய்வாளராக இருந்த கோபிநாத் கர்த்தா அவருடன் இணைந்தார்.

ஆய்வுக்குத் தேவையான கொலாஜன் மாதிரிகளைப் பெறச் சென்னையில் ஒரு வசதி இருந்தது. தோல் தொழிலுக்கென 1948 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அடையாற்றில் இயங்கிவந்தது. கங்காருவின் வால் தசைநாணில் உள்ள கொலாஜன் நன்கு ஒழுங்கமைந்தது; தெளிவான எக்ஸ்-கதிர்ப் படங்களைத் தரக்கூடியது. அந்நிறுவனத்தின் உதவியால் அம்மாதிரி கிடைத்தது.

தோல் தொழிலும் கொலாஜனும்

கொலாஜன் ஆய்வுக்குத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உதவியது தற்செயலன்று. பாலாற்றங்கரையை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலுக்கும் தோல் பொருள்களுக்கும் பெயர் பெற்றவை. முன்பு ஒரே வேலூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர்கள், 2019 ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்று மாவட்டங்களில் உள்ளன. டேனரி என இப்பகுதியில் வழங்கும் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் நடைபெறும் வேலையின் பெரும்பகுதி, வேதியியல் நோக்கில், கொலாஜனைப் பிரித்துக் காப்பதே ஆகும்.

ஆட்டுத்தோலோ மாட்டுத்தோலோ முதலில் ஊறவைக்கப்பட்டுப் பின் சுண்ணாம்பில் இடப்படுகிறது. இதில் முடியும் மேல்தோலும் நீங்குகின்றன. உட்புறம் ஒட்டியுள்ள சதை சீவி எடுக்கப்படுகிறது. எஞ்சும் நடுப்படலம் பெரும்பாலும் கொலாஜன் நார்களின் பின்னலே. இதை அப்படியே விட்டால் அழுகும்; காயவிட்டால் விறைத்துப்போகும். ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் இட்டால் சுருங்கிவிடும். மேலும் கொதிக்கவைத்தால் கரைந்து வச்சிரப் பசையாகும்.

பதனிடுதல் இக்கேடுகளைத் தடுக்கிறது. பழைய முறையில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புப் பொருள்கள் கொலாஜன் இழைகளுடன் பிணைகின்றன. குரோம் முறையில் குரோமியம் உப்பு இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளை ஏற்படுத்துகிறது. குரோம் முறையில் நன்கு பதனிட்ட தோல் கொதிநீரிலும் சுருங்காது. பச்சைத்தோல் வெந்நீரில் சுருங்குவது ஏன், பதனிட்ட தோல் தாங்குவது ஏன் என்னும் கேள்விகளுக்கு மூலக்கூறு அளவில் விடை காண, கொலாஜனின் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். 1950களின் தொடக்கத்தில் அவ்வடிவம் எவருக்கும் தெரியாது.

டி.என்.ஏ., மரபணு, புரதம்

இராமச்சந்திரன் கொலாஜனை ஆராயத் தொடங்கிய காலம் மரபியல் வரலாற்றிலும் திருப்புமுனையான காலமாகும். 1953 ஆம் ஆண்டு ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ. ஓர் இரட்டைச் சுருள் என முன்மொழிந்தனர். ரோசலிண்ட் பிராங்க்ளின், மாரிஸ் வில்கின்சு ஆகியோரின் எக்ஸ்-கதிர்ப் பணிகள் அதற்கு ஆதாரமாயின.

டி.என்.ஏ.வின் இரு இழைகளிலும் அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு காரங்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஓர் இழையின் அடினின் மற்றதன் தைமினோடும், குவானின் சைட்டோசினோடும் இணை சேர்கின்றன. எனவே, ஓர் இழை தெரிந்தால் மற்றதை எழுதிவிடலாம். உயிரணு பிரியும்போது இரு இழைகளும் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு இணையைப் புதிதாகக் கட்டிக்கொள்கிறது. பெற்றோரின் பண்புகள் பிள்ளைகளுக்குச் செல்வதற்கு இவ்விணைசேர்க்கையே அடிப்படை.

மரபணு என்பது டி.என்.ஏ.வின் ஒரு பகுதி. அதன் கார வரிசை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. ரைபோசோம் அப்படியை மும்மூன்று காரங்களாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோக்கிறது. இம்மூன்றெழுத்துக் குறியீடு 1960களில் முழுமையாகக் கண்டறியப்பட்டது. அப்பணிக்காக இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா உட்பட மூவர் 1968 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றனர். மொத்தம் 64 குறியீடுகளில் 61 குறியீடுகள் 20 அமினோ அமிலங்களைக் குறிக்கின்றன. மற்ற மூன்றும் நிறுத்தக் குறியீடுகள்.

இவ்வாறு கோக்கப்படுவது ஒரு நீண்ட சங்கிலி மட்டுமே. அது குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்தால்தான் நொதியாகவோ நாராகவோ வேலை செய்யும். டி.என்.ஏ.வின் எழுத்துகளுக்கும் உடலின் உறுதிக்கும் இடையில் இந்த மடிப்பு நிற்கிறது.

மூவிழைச் சுருள்

கொலாஜனின் அமினோ அமில அளவுகளை வேதியியலாளர்கள் முன்பே கண்டிருந்தனர். அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். புரோலின், ஐதராக்சிபுரோலின் ஆகியவையும் மிகுதி. கிளைசின் அமினோ அமிலங்கள் அனைத்திலும் சிறியது. அதன் பக்கக் கிளை ஒரே ஒரு ஐதரசன் அணு மட்டுமே. மூன்றில் ஒன்று கிளைசின் என்பதை அமைப்போடு தொடர்புபடுத்திப் பார்த்ததே இராமச்சந்திரனும் கர்த்தாவும் கண்ட வழி.

கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது என்றும், ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடம்தோறும் ஓர் அமினோ அமிலம் மற்ற இரு இழைகளை நோக்கி உட்புறம் அமைகிறது என்றும் அவர்கள் முன்மொழிந்தனர். அந்த உள்ளிடம் மிகக் குறுகலானது. கிளைசினைத் தவிர வேறெதற்கும் அங்கு இடமில்லை. எனவே, மூன்றாவது இடம்தோறும் கிளைசின் வந்தாக வேண்டும். இழைகளை ஐதரசன் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டுகின்றன. இக்கட்டுரை 1954 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நேச்சர் இதழில் வெளிவந்தது.

முதல் அமைப்பில் மூன்று இழைகளும் தனித்தனிச் சுருள்களாக இணையாக நின்றன. எக்ஸ்-கதிர்த் தரவுகளை மேலும் ஆராய்ந்தபோது, அம்மூன்றும் ஒரு பொது அச்சைச் சுற்றி மீண்டும் முறுக்கிக்கொள்வது தெரியவந்தது. ஒவ்வோர் இழையும் இடஞ்சுழிச் சுருள். மூன்றும் சேர்ந்த முறுக்கு வலஞ்சுழி. தேங்காய் நாரைத் திரித்து, திரித்த புரிகளை எதிர்த்திசையில் முறுக்கிக் கயிறாக்குவதைப் போன்றது இது. எதிரெதிர் முறுக்குகள் ஒன்றையொன்று அவிழவிடாமல் இறுக்குகின்றன. இத்திருத்திய அமைப்பு 1955 ஆம் ஆண்டு நேச்சர் இதழில் வெளியானது.

முதலாம் வகைக் கொலாஜன் மூலக்கூறு ஏறத்தாழ 300 நானோமீட்டர் நீளமும் 1.5 நானோமீட்டர் தடிமனும் கொண்டது. ஒவ்வோர் இழையின் சுருள் பகுதியிலும் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட அமினோ அமிலங்கள் உள்ளன. வெந்நீரில் தோல் சுருங்குவது இச்சுருள் அவிழ்வதாலேயே. பதனிடும் பொருள்கள் அந்த அவிழ்வுக்குத் தடையாக நிற்கின்றன.

கங்காருவின் வாலைக் கொண்டு கண்ட வடிவம் ஆம்பூரின் ஆட்டுத்தோலுக்கும் மனிதரின் எலும்புக்கும் பொருந்துவதற்குக் காரணம் மரபுவழியே. இவ்வுயிரினங்களின் பொது முன்னோரிடமிருந்து கொலாஜன் மரபணுக்கள் வழிவழியாக வந்துள்ளன. பிற இடங்களில் எழுத்துகள் மாறியிருந்தாலும், மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்னும் விதி மாறவில்லை. அவ்விதியை மீறிய மாற்றங்கள் பெரும்பாலும் உடலுக்குக் கேடு செய்பவை. ஆகவே அவை தலைமுறைகளில் நிலைக்கவில்லை.

கருத்து வேறுபாடு

1955 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் கொலாஜனுக்கு ஓர் அமைப்பை வெளியிட்டனர். மூன்று இழைகள், முறுக்கிய சுருள் என்னும் அடிப்படையில் அது சென்னை அமைப்பை ஒத்திருந்தது. இலண்டன் கிங்சு கல்லூரிக் குழுவினரும் அதே ஆண்டு இதையொத்த முடிவை வெளியிட்டனர்.

வேறுபாடு ஐதரசன் பிணைப்புகளின் எண்ணிக்கையில் இருந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு பிணைப்புகள் என்றது சென்னைக் குழு. ஒன்று என்றனர் ரிச்சும் கிரிக்கும். சென்னை அமைப்பில் சில அணுக்கள் இருக்கத்தகாத அளவுக்கு நெருங்கியிருப்பதாகவும் அவர்கள் குறை கூறினர். டி.என்.ஏ. அமைப்பால் கிரிக் பெரும்புகழ் பெற்றிருந்த நேரம் அது. சென்னையில் புதிதாகத் தொடங்கிய துறையின் முதற்பெரும் பணி ஐயத்துக்கு உள்ளானது.

காலப்போக்கில் இரு தரப்பின் பங்கும் தெளிவாயின. 1994 ஆம் ஆண்டு கொலாஜனைப் போன்ற பெப்டைடு ஒன்றின் அமைப்பு மிகத் துல்லியமாகக் கண்டறியப்பட்டது. மூவிழை முறுக்குச் சுருள் அதில் உறுதியானது. நேரடி ஐதரசன் பிணைப்பு, ரிச்சும் கிரிக்கும் கூறியபடி, மூன்றுக்கு ஒன்றாகவே இருந்தது. நீர் மூலக்கூறுகள் வழியாக அமையும் பிணைப்புகளும் அதில் காணப்பட்டன. நீர் வழியாக இரண்டாவது பிணைப்பு அமையலாம் என இராமச்சந்திரனும் ஆர். சந்திரசேகரனும் 1968 ஆம் ஆண்டு முன்மொழிந்திருந்தனர். மூன்று இழைகள் என்பதையும் அவை முறுக்கிக்கொள்கின்றன என்பதையும் முதலில் வெளியிட்டது சென்னைக் குழு.

இராமச்சந்திரன் வரைபடம்

அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்ற குறைபாட்டை இராமச்சந்திரன் ஓர் ஆய்வுக் கேள்வியாக மாற்றிக்கொண்டார். பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? இதற்கு விடை காண, அதுவரை அமைப்பு கண்டறியப்பட்டிருந்த அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் முதலியவற்றின் படிக அளவுகளை அவரும் மாணவர்களும் தொகுத்தனர். ஒவ்வொரு வகை அணு இணைக்கும் இயல்பான குறைந்தபட்சத் தொலைவு ஒன்றையும், அதனினும் சற்றுக் குறைந்த எல்லைத் தொலைவு ஒன்றையும் வகுத்தனர்.

புரத இழையில் அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு ஏறத்தாழ ஒரு தட்டை போன்றது, எளிதில் திருகாது. எனவே, ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் முதுகெலும்பு இழை திரும்பக்கூடிய கோணங்கள் முதன்மையாக இரண்டே. அவை ஃபை, சை என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிக்கப்படுகின்றன. ஒரு சங்கிலியில் அடுத்தடுத்த தகடுகள் இரு கீல்களால் இணைந்திருப்பதாகக் கற்பனை செய்தால், அக்கீல்களின் திருப்பங்களே இவ்விரு கோணங்கள். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் இவ்விரண்டும் தெரிந்தால் முழு இழையின் போக்கையும் வரைந்துவிடலாம்.

இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் ஃபை கோணத்தைக் கிடை அச்சிலும் சை கோணத்தைச் செங்குத்து அச்சிலும் இட்டு, ஒவ்வொரு சேர்க்கையிலும் அணுக்கள் மோதுகின்றனவா எனக் கணக்கிட்டனர். முடிவு எளிமையானது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு வரைபடத்தின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பரப்பு விலக்கப்பட்டது. எஞ்சிய சில தீவுகளுள் ஒன்றில் பாலிங்கின் ஆல்ஃபா சுருளும், மற்றொன்றில் பீட்டா தாள் அமைப்பும் கொலாஜன் சுருளும் அமைந்தன. பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் மிகுந்த சுதந்திரம் இருந்தது. இக்கட்டுரை 1963 ஆம் ஆண்டு மூலக்கூறு உயிரியல் இதழில் வெளியானது.

ஒரு புரதத்தின் அமைப்பைப் புதிதாகத் தீர்மானிப்போர், தங்கள் முடிவு சரியானதா என அறிய இவ்வரைபடத்தைப் பயன்படுத்துகின்றனர். விலக்கப்பட்ட பகுதியில் பல புள்ளிகள் விழுந்தால், அமைப்பில் பிழை இருக்க வாய்ப்பு மிகுதி. உலகப் புரதத் தரவு வங்கி 1971 ஆம் ஆண்டு தொடங்கியது. 2023 ஆம் ஆண்டு அதிலுள்ள அமைப்புகளின் எண்ணிக்கை இரண்டு இலட்சத்தைக் கடந்தது. கணினி கணித்துத் தரும் புரத வடிவங்களையும் இதே வரைபடத்தைக் கொண்டு சரிபார்க்கலாம்.

மரபணுப் பிழையும் கொலாஜனும்

மூவிழைச் சுருளின் விதி, மரபு நோய் ஒன்றைப் புரிந்துகொள்ளவும் உதவியது. எலும்புகள் சிறு அதிர்ச்சிக்கும் முறியும் பிறவி எலும்பு நொறுங்கு நோயில், பெரும்பாலோருக்கு முதலாம் வகைக் கொலாஜனின் மரபணுக்களில் மாற்றம் காணப்படுகிறது. இக்கொலாஜன் இரண்டு ஆல்ஃபா-1 இழைகளும் ஓர் ஆல்ஃபா-2 இழையும் கொண்டது. மனிதரில் ஆல்ஃபா-1 இழைக்கான மரபணு 17 ஆம் குரோமோசோமிலும், ஆல்ஃபா-2 இழைக்கான மரபணு 7 ஆம் குரோமோசோமிலும் உள்ளன.

கிளைசினைக் குறிக்கும் குறியீடுகள் நான்கும் குவானின், குவானின் என்றே தொடங்குகின்றன. அவற்றுள் முதல் இரு எழுத்துகளில் எது மாறினாலும் கிளைசினின் குறியீடு கெடும். பெரும்பாலும் அவ்விடத்தில் அதைவிடப் பெரிய அமினோ அமிலம் வந்துவிடும். சுருளின் உள்ளிடத்தில் அது அடங்காது. அவ்விடத்தில் முறுக்குத் தடைப்படுகிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களுள் ஒன்று மாறியதால் எலும்பே வலுவிழக்கிறது.

ஒவ்வொருவரிடமும் இம்மரபணுவின் இரண்டு படிகள் உள்ளன. ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தவை. ஆல்ஃபா-1 மரபணுவின் ஒரு படி மட்டுமே மாறியிருந்தாலும் நோய் தோன்றுவது ஏன் என்பதை எளிய கணக்கால் அறியலாம். இழைகளில் பாதி நல்லவை, பாதி மாறியவை. ஒரு மூலக்கூறில் இரண்டு ஆல்ஃபா-1 இழைகள் சேர்வதால், இரண்டும் நல்லவையாக அமையும் வாய்ப்பு நான்கில் ஒன்று மட்டுமே. மற்ற மூன்று பங்கு மூலக்கூறுகளில் குறைந்தது ஓர் இழையாவது பழுதானது. இவ்வாறு ஒரு படி மட்டும் மாறினாலும் வெளிப்படும் பண்பு ஓங்கு பண்பு எனப்படுகிறது. இப்பண்பு உள்ள பெற்றோரிடமிருந்து ஒவ்வொரு குழந்தைக்கும் அது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று.

எல்லாக் கேடும் மரபணுவிலிருந்து வருவதில்லை. கொலாஜன் இழை உருவான பின், அதிலுள்ள புரோலினில் ஒரு பகுதி ஐதராக்சிபுரோலினாக மாற்றப்படுகிறது. இம்மாற்றத்துக்கு வைட்டமின் சி தேவை. அது கிடைக்காதபோது மூவிழைச் சுருள் உடல் வெப்பத்தில் உறுதியாக நிற்பதில்லை. ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோய் தோன்றுகிறது. அந்நோயில் மரபணு பழுதற்றது, உணவில்தான் குறை. ஆகவே நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவற்றால் அதைத் தீர்க்கலாம். மரபுக் குறையும் உணவுக் குறையும் வேறு வேறு வழிகளில் வந்து ஒரே மூலக்கூறைத் தாக்குகின்றன.

பெங்களூரில் பிற்காலப் பணிகள்

1970களின் தொடக்கத்தில் இராமச்சந்திரன் சென்னையிலிருந்து மீண்டும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்று, அங்கு மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையை நிறுவினார். சிகாகோ பல்கலைக்கழகத்திலும் சில ஆண்டுகள் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றினார்.

1971 ஆம் ஆண்டு ஏ. வி. இலட்சுமிநாராயணனுடன் இணைந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ்-கதிர் நிழற்படங்களிலிருந்து ஒரு பொருளின் உள்ளமைப்பை மீட்டெடுக்கும் கணித முறையை வெளியிட்டார். அதற்கு முந்தைய முறைகளைக் காட்டிலும் இது கணக்கீட்டைப் பெரிதும் சுருக்கியது. மருத்துவமனைகளின் சி.டி. ஸ்கேன் கருவிகளில் இம்முறை விரிவாகப் பயன்பட்டது. அதில் வரும் வடிகட்டிச் சார்பு ஒன்று இருவர் பெயராலும் ராம்-லாக் வடிகட்டி என்றே வழங்குகிறது.

அவருடன் பணியாற்றிய சசிசேகரன் பின்னர் பெங்களூரில் டி.என்.ஏ.வின் மாற்று அமைப்புகளையும் ஆராய்ந்தார். பிற்காலத்தில் இராமச்சந்திரனின் கவனம் கணிதத் தத்துவம், தருக்கவியல் ஆகியவற்றின் பக்கம் திரும்பியது.

விருதுகளும் மறைவும்

இராமச்சந்திரன் 1961 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான சாந்தி சுவரூப் பட்நாகர் விருதைப் பெற்றார். 1977 ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் 1999 ஆம் ஆண்டு இவருக்கு எவால்டு பரிசை அறிவித்தது. நோபல் பரிசு இவருக்குக் கிடைக்கவில்லை.

இவரது மனைவி இராஜலட்சுமி 1998 ஆம் ஆண்டு காலமானார். இறுதி ஆண்டுகளில் இராமச்சந்திரன் பக்கவாதத்தாலும் நடுக்குவாத நோயாலும் பாதிக்கப்பட்டிருந்தார். 2001 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று சென்னையில் தமது 78 ஆம் வயதில் காலமானார்.

அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு மரபு, கிண்டி வளாகத்தில் உள்ள படிகவியல், உயிர் இயற்பியல் உயராய்வு மையத்தில் தொடர்கிறது.